உப்புத் தின்ற எஞ்சினும் தண்ணீர் குடிக்க வேண்டும்



கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மளிகைக் கடை என்பது அரிசி, பருப்போடு முடிவதில்லை. நைலான் கயிறு, தூண்டில் முள், டார்ச் பாட்டரி, கிரீஸ் டப்பா, எஞ்சின் ஆயில் ஆகியவையும் அதே கடையில்தான் விற்பனையாகின்றன. அவற்றோடு இப்போது இன்னொரு சரக்கும் சேர்ந்திருக்கிறது. படகு எஞ்சின் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் ஸ்ப்ரே டப்பாதான் அது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நமது கரைகளில் கட்டுமரங்கள் குறைந்து, பைபர் படகுகள் பெருகின. படகுக்கு ஓர் எஞ்சின் என்று ஆனபின், எஞ்சினைப் பேணும் பொருள்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது இயல்பே.

சரக்கு கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றிய விவரம் சரக்கோடு வந்து சேரவில்லை. எங்களிடம் கொள்முதலுக்கு வரும் சில்லறை வணிகர்கள் அடிக்கடி ஒரு புகாரைச் சொல்கிறார்கள். "அண்ணாச்சி, போன தடவை வாங்கிய ஸ்ப்ரே சரியில்லையாம். அடித்தும் துருப்பிடித்துவிட்டது என்று டப்பாவைத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள்." நாம் விசாரித்தவரையில், பெரும்பாலும் சரக்கில் குறை இருப்பதில்லை. கடலிலிருந்து வந்த கையோடு, உப்பு ஈரம் காயாத எஞ்சின் மீது அப்படியே அடித்திருப்பார்கள். உப்பின் மேல் எண்ணெய்ப் போர்வை போர்த்தினால் உப்பு உள்ளேயே தங்கித் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

டப்பாவை எடுத்துக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று இருந்தால் இந்தப் புகார் தீராது. அதை எப்போது, எங்கே, எதற்குப் பிறகு அடிக்க வேண்டும் என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

உப்பு செய்யும் வேலை

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. எஞ்சினின் மூலை முடுக்கில் 100 மில்லி கடல் நீர் தேங்கிக் காய்ந்தால் அங்கே மூன்றரை கிராம் உப்பு தங்கிவிடும். அது அரைத் தேக்கரண்டி அளவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போய்வரும் படகில் இது நாள்தோறும் சேருகிறது.

காய்ந்த உப்பு சும்மா இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இதை மளிகைக் கடைக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் கல் உப்பு மூட்டை கசிந்து, கீழே தரை நனைந்திருப்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். உப்போடு ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். எஞ்சினில் படிந்த உப்பும் அதையேதான் செய்கிறது. பகலில் காய்ந்ததுபோல் தோன்றும். இரவில் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து மீண்டும் கசியும். ஆகவே படகு கரையில் ஓய்வாக இருக்கும்போதும் அரிப்புக்கு ஓய்வில்லை.

அரிப்பு எல்லா உலோகத்திலும் ஒரே மாதிரி தெரியாது. இரும்பில் செந்துருவாக வரும். அலுமினியம் வெள்ளை மாவு போலப் பூத்துப்போகும். செம்புக் கம்பி முனைகளில் பச்சை பிடிக்கும். வெளிப்புற எஞ்சின்களின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத்தான் முதலில் துளைக்கிறது. அந்த அலுமினியத்தில் எவர்சில்வர் திருகாணி முடுக்கப்பட்டு, இரண்டையும் உப்பு நீர் நனைத்தால், அது சிறிய மின்கலம் போல வேலை செய்யும். அதில் அலுமினியமே கரைந்துபோகும். திருகாணி பளபளப்பாக இருக்க, அதைச் சுற்றியுள்ள பாகம் உதிர்ந்துபோவது இதனால்தான்.

முதல் மருந்து நல்ல தண்ணீர்

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அதை எஞ்சினுக்கும் அப்படியே சொல்லலாம். எந்த ஸ்ப்ரேயும் உப்பைக் கரைத்து வெளியேற்றாது. உப்பைக் கரைப்பது நல்ல தண்ணீர் ஒன்றே.

கடல் நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வெளிப்புற எஞ்சின்களில் நீர்ப்பாதை முழுவதும் உப்பு படியும். அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். எனவே கரை சேர்ந்ததும் எஞ்சினின் காலை நல்ல தண்ணீர் நிறைந்த ட்ரம்மில் இறக்கி, நீர் இழுக்கும் துவாரம் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கியர் போடாமல் மெதுவாகச் சுமார் 10 நிமிடம் ஓட்ட வேண்டும். எஞ்சின் சூடேறினால்தான் உள்ளேயுள்ள அடைப்பான் திறந்து, தண்ணீர் எல்லா இடத்துக்கும் பாயும். திறந்த வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். புகை மூடிய கொட்டகைக்குள் செய்யலாகாது. தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. உள்ளேயுள்ள ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். சில எஞ்சின்களில் ஓஸ் மாட்டிக் கழுவும் தனி வாய் உண்டு. அதற்கு அந்த எஞ்சினோடு வரும் கைப்புத்தகம் சொல்லும் முறையே சரி.

நீண்ட தண்டுடன் கூடிய, காற்றால் குளிரும் டீசல் எஞ்சின்களில் கடல் நீர் உள்ளே போவதில்லை. ஆனால் தெறிக்கும் உப்பு வெளியே படிகிறது. அவற்றை ஆறவைத்து, காற்று இழுக்கும் வாயை மூடிவிட்டு, வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்தால் போதும். சூடான எஞ்சின் மீது தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விட வாய்ப்புண்டு.

கடற்கரைக் கிராமங்களில் நல்ல தண்ணீரே விலை கொடுத்து வாங்கும் பொருளாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடிக்கும் தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை. சற்றே உவர்ப்பான கிணற்று நீரும் கடல் நீரை விடப் பன்மடங்கு மேலானது. மழைநீரைப் பிடித்து வைக்கலாம். படகு இறங்கும் துறையில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு ட்ரம் வைத்துக்கொள்வதும் உண்டு. அதில் உப்புச் சுவை தெரியத் தொடங்கினால் தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

எந்த டப்பா எதற்கு?

கழுவித் துடைத்து, நிழலிலோ இளவெயிலிலோ காயவைத்த பிறகே ஸ்ப்ரேக்கு வேலை. எல்லா டப்பாவும் ஒன்றல்ல. கடைக்காரர் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

1. நீர் விலக்கும் ஸ்ப்ரே. இது மெல்லிய எண்ணெய். உலோகத்தின் மேலுள்ள ஈரத்தைத் தள்ளிவிட்டுத் தான் படியும். பிளக் கம்பி, மின் இணைப்பு, இறுகிப்போன திருகாணி ஆகியவற்றுக்கு ஏற்றது. உலகெங்கும் விற்பனையாகும் டபிள்யூ டி 40 இந்த வகையைச் சேர்ந்தது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காப்பதற்கு அது முதலில் பயன்பட்டது. அதன் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகள் நீரை விலக்குதல் என்பதையும், 40 என்ற எண் நாற்பதாவது முயற்சியில் கலவை கைகூடியதையும் குறிக்கின்றன. இந்த வகைப் படலம் மெல்லியது, நெடுநாள் நிற்காது. தெறிக்கும் கடல் நீர் அதைக் கழுவிவிடும். எனவே அடிக்கடி அடிக்க வேண்டும்.

2. கனத்த படலம் தரும் ஸ்ப்ரே. மெழுகு கலந்தவையும், ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின் கலந்தவையும் இதில் அடங்கும். காய்ந்தபின் கெட்டியான படலமாக நிற்கும். எஞ்சின் மூடிக்குள் இருக்கும் உலோகப் பாகங்கள், தாங்கும் சட்டம், திருகாணித் தலைகள் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. பல நாள் ஓய்வில் வைக்கும் எஞ்சினுக்கு இதுவே சரி.

3. சிலிக்கான் ஸ்ப்ரே. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு உரியது. மண்ணெண்ணெய் வகை எண்ணெய் பட்டால் சில ரப்பர்கள் ஊதிப்போகும். ரப்பர் விளிம்புகளுக்கும் எஞ்சின் மூடியின் வெளிப்புறத்துக்கும் சிலிக்கானே பாதுகாப்பானது.

4. உள்ளே பனிபோல் பரவும் எண்ணெய். பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களைப் பல வாரங்கள் நிறுத்தி வைக்கும்போது, பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் சிறிது அடித்து, கையால் சில சுற்று சுற்றி வைப்பார்கள். பிஸ்டனும் வளையமும் துருவேறி இறுகாமல் இருக்கும். டீசல் எஞ்சினின் காற்று வாயில் எந்த ஸ்ப்ரேயையும் அடிக்கக் கூடாது. அது எரிபொருளாகி, எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடி ஆபத்தை விளைவிக்கும்.

கழிவு ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவும் வழக்கமும் கரைகளில் இருக்கிறது. செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலமும் உலோகத் தூளும் கரியும் கலந்திருக்கும். அதில் மணலும் ஒட்டும். ஒழுகிக் கடலிலும் சேரும். கேட்பவருக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

எதையும் அளவோடு அடிக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டப்பாவை ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, மெல்லிய பூச்சாக அடித்தால் போதும். பெல்ட் மீது படக் கூடாது, வழுக்கும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கலாகாது.

நீருக்குக் கீழே துத்தநாகக் கட்டி

நீரில் மூழ்கியிருக்கும் பாகத்தை ஸ்ப்ரே காப்பாற்றாது. அதற்கு வேறு உபாயம் உண்டு. எஞ்சினின் கீழ்ப்பகுதியில், விசிறிக்கு அருகே ஒரு சாம்பல் நிற உலோகக் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். அது துத்தநாகத்தாலோ, அதற்கென்று செய்த அலுமினியக் கலவையாலோ ஆனது. எஞ்சினின் உடலுக்குப் பதிலாக அது தானே கரைந்து, எஞ்சினைக் காக்கிறது. இந்த முறை புதியதன்று. இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி 1824ஆம் ஆண்டிலேயே, போர்க் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தும் வழியைக் கூறினார்.

அந்தக் கட்டி கரைவது குறையல்ல. கரைவதுதான் அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அழகுக்காக அதன் மேல் பெயிண்டோ கிரீஸோ ஸ்ப்ரேயோ பூசினால் அதன் வேலை நின்றுவிடும். படகுக்குப் பெயிண்ட் வாங்க வருபவரிடம் இதை மறவாமல் சொல்லுங்கள். கட்டி சிறிய சரக்குதான். ஆனால் அது இல்லாததால் எஞ்சினின் காலையே மாற்ற நேர்ந்தால் செலவு பெரிது.

ஆக, பாடம் மூன்று சொற்றொடரில் அடங்கிவிடுகிறது. உள்ளே தண்ணீர், மேலே ஸ்ப்ரே, கீழே துத்தநாகம். இவற்றில் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இந்த அரிப்பைப் பற்றி ஆராயும் பெரிய நிலையம் நமது காரைக்குடியிலேயே இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1948ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 முதல் இயங்கி வருகிறது. மண்டபம் கடற்கரையில் உலோகங்களை உப்புக் காற்றில் வைத்துச் சோதிக்கும் நிலையத்தையும் அது நடத்தி வந்திருக்கிறது. அந்நிறுவனம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். வணிகத்தில் ஈட்டியவர் அறிவுக்கு ஈந்தார் என்பதில் நம் எல்லோருக்கும் பெருமை உண்டு.

எஞ்சின் கடலில் மூழ்கிவிட்டால்

புயல் காலத்தில் படகு கவிழ்ந்து எஞ்சின் மூழ்குவதுண்டு. மீட்டுக் கொண்டுவந்தவர்கள் வெயிலில் காயட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை. உப்பு நீரில் நனைந்த உலோகத்தில் காற்றும் பட்டால் அரிப்பு விரைந்து ஏறும். செய்ய வேண்டியது இதுதான்: ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. உடனே நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டரிலுள்ள தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு நீர் விலக்கும் ஸ்ப்ரேயோ எண்ணெயோ உள்ளே விட்டு, கையால் சுற்றி, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். கடையில் ஓர் அட்டையில் எழுதி மாட்டி வைக்கத் தகுந்த செய்தி இது.

கடையில் வைக்கும் முறை

ஸ்ப்ரே டப்பாவுக்குள் எரியக்கூடிய வாயு அழுத்தத்தில் இருக்கிறது. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு படக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். நமது கோடை வெயிலில் கடை வாசலிலோ, தகரக் கூரைக்கு நேர் கீழேயோ அடுக்கி வைப்பது ஆபத்து. சாமி படத்து விளக்கு, ஊதுவத்தி, டீ அடுப்பு ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். காலி டப்பாவையும் ஓட்டை போடவோ நெருப்பில் எறியவோ கூடாது.

உணவுப் பண்டங்களோடு சேர்த்து வைக்கவே கூடாது. அரிசி, மாவு, தேயிலை எல்லாம் வாசனையை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் தேயிலையை யாரும் இரண்டாம் முறை வாங்கமாட்டார்கள். உணவையும் இரசாயனத்தையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலும் இருக்கிறது.

கொள்முதலின்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பில் இல்லாமல் வாங்கிய சரக்கில் புகார் வந்தால் நாம் போய் நிற்க இடமிருக்காது.

பருவம் பார்த்து இருப்பு வைப்பதும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் காலம் அது. தடைக்குத் தடை இல்லாத பைபர் படகுகள் வடகிழக்குப் பருவமழையில் பல நாள் கரையில் கிடக்கும். கனத்த படலம் தரும் ஸ்ப்ரேயும் துத்தநாகக் கட்டியும் இந்த இரண்டு பருவத்திலும் கைவசம் இருக்கட்டும். நீர் விலக்கும் ஸ்ப்ரே ஆண்டு முழுவதும் ஓடும் சரக்கு.

விற்பதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வாடிக்கையாளர் வந்து, "அண்ணாச்சி, எஞ்சினுக்கு ஸ்ப்ரே ஒன்று கொடுங்க" என்றால், உடனே எடுத்துக் கொடுக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவினீர்களா? இல்லை என்றால், முதலில் கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்த இடத்தில் அடிக்கப் போகிறீர்கள்? மின் இணைப்பா, ரப்பரா, மூடிக்குள் உள்ள உலோகமா என்பதைப் பொறுத்து டப்பா மாறும்.

மூன்றாவது, நாளைக்கே கடலுக்குப் போகிறீர்களா, பல நாள் நிறுத்தி வைக்கப் போகிறீர்களா? அதைப் பொறுத்து மெல்லியதா, கனத்ததா என்று முடிவு செய்யலாம்.

இதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். சில வேளை, "கழுவிவிட்டு நாளைக்கு வந்து வாங்குகிறேன்" என்று வாடிக்கையாளர் போய்விடவும் கூடும். அன்றைய கல்லாவில் ஒரு டப்பா விலை குறையும். ஆனால் மீனவர் குடும்பங்களோடு நமது கணக்கு ஒரு நாள் கணக்கல்ல. பாடு இல்லாத மாதங்களில் அரிசியும் எண்ணெயும் பற்றில் கொடுக்கிறோம். கடல் கொடுக்கும்போது அது வரவாகிறது. எஞ்சின் நின்றுபோன வீட்டில் பேரேட்டுப் பற்று அப்படியே நிற்கும். அதைவிடப் பெரிது ஒன்றிருக்கிறது. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், காற்று மாறும் வேளையில், பச்சை பிடித்த ஒரு கம்பி முனையால் எஞ்சின் நின்றால், படகில் இருப்பவர்கள் நம்மிடம் தினமும் சாமான் வாங்கும் அண்ணன் தம்பிகள்தான்.

ஆகையால் ஸ்ப்ரே டப்பா விற்கும் ஒவ்வொரு கடையிலும் "உள்ளே தண்ணீர், மேலே ஸ்ப்ரே, கீழே துத்தநாகம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, டப்பா அடுக்கிய இடத்திலேயே மாட்டி வையுங்கள். கடையில் நிற்கும் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். புகாரோடு திரும்பி வரும் டப்பாக்கள் குறையும். கடைக்காரர் சொன்னது பலித்தது என்ற பேச்சு கரையில் பரவினால், அதற்கு மேல் நமக்கு விளம்பரம் வேண்டியதில்லை.